9 அடி சர்ஃப் போர்டை முல்கிக்குக் காரில் கொண்டுபோக உதவி தேவை

பெங்களூர் மக்களே, அக்டோபர் கடைசியில் மங்களூர் பக்கத்துக் கடற்கரை ஊரான முல்கிக்கு சர்ஃபிங் போகிறோம். மேல்பக்கம் மென்மையான ஃபோமால் ஆன 9 அடி சாஃப்ட் டாப் போர்டு, கூரைக் கம்பி இல்லாத ஹேட்ச்பேக். அடியில் உள்ள ஃபின்களை (துடுப்புகளை) கழற்றி, போர்டைக் கவிழ்த்து, மூக்கை காரின் முன்பக்க டோ ஹுக்கில் (இழுவைக் கொக்கியில்) கயிறு போட்டுக் கட்டிவிடலாம். ஸ்ட்ராப்பில் ஒரு முறுக்கு விட்டால் காற்றில் அதிரும் சத்தமும் அடங்கும்.

சிக்கல் பிடிமானத்தில்தான். பல்சக்கர நெம்புகோலால் இறுக்கும் ராட்செட் ஸ்ட்ராப் வேண்டாம். ஒரு பல் கூடுதலாக இறுகினாலே ஃபோமில் பள்ளம் விழும். தளர்வாக விட்டால் வழியில் வரும் ஷிராடி காட் மலைப்பாதை வளைவுகளில் போர்டு பக்கவாட்டில் நகரும். கையால் இழுத்து இறுக்கும் கேம் பக்கிள் ஸ்ட்ராப் இரண்டும், கதவு வழியாகக் கட்டும் மெத்தைப் பேடும் ஜே.சி. ரோட்டில் எந்தக் கடையில் கிடைக்கும்? வாடகைக்குக் கிடைத்தாலும் சரி.

போர்டு நீளத்துக்கேற்ற 9 அடி லீஷ் (போர்டைக் காலோடு இணைக்கும் கயிறு) யாரிடமாவது இருந்தால் இரண்டு நாள் கொடுங்கள், ப்ளீஸ். அதன் கால்பட்டை வெல்க்ரோ மணல் ஏறித் தேய்ந்திருந்தால் மட்டும் வேண்டாம், அலையில் கழன்றுவிடும்.