ஜாங்கோ ப்ராஜெக்ட்ல டெம்ப்ளேட்ஸ், ஸ்டாடிக் ஃபோல்டர் எதுவும் வரல

ராக்கோழி: வணக்கம் மக்களே, விண்டோஸ்ல வென்வ் (ப்ராஜெக்ட்டுக்குத் தனி பைதான் சூழல்) ஆக்டிவேட் பண்ணி, பிப்ங்கற இன்ஸ்டாலர்ல ஜாங்கோ (பைதான்ல வெப்சைட் கட்டற ஃப்ரேம்வொர்க்) போட்டு, 'கடை'ங்கற பேர்ல ப்ராஜெக்ட் தொடங்க ஜாங்கோ-அட்மின் ஸ்டார்ட்ப்ராஜெக்ட் கடை-னு அடிச்சேன், எரர் ஒண்ணும் வரல, கர்சர் பேசாம அடுத்த லைன்ல வந்து நிக்குது. புதுசா வந்த கடை ஃபோல்டரைத் திறந்து பாத்தா மேனேஜ்.பை, பக்கத்துல இன்னொரு கடை ஃபோல்டர், அவ்ளோதான். யூட்யூப்ல ஒருத்தர் வீடியோல டெம்ப்ளேட்ஸ் (எச்டிஎம்எல் பக்கங்கள்), ஸ்டாடிக் (சிஎஸ்எஸ், படங்கள்), மைக்ரேஷன்ஸ், வியூஸ்.பை எல்லாமே இருக்கு. அழிச்சுட்டு திரும்ப இன்ஸ்டால் பண்ணியும் இதே கதைதான். வெர்ஷன் பிரச்சனையா?

பாம்பாட்டி: உங்க இன்ஸ்டால் நல்லாத்தான் இருக்கு, எதையும் அழிக்காதீங்க. ஸ்டார்ட்ப்ராஜெக்ட் குடுக்கறதே மேனேஜ்.பை, உள்ள செட்டிங்ஸ், யூஆர்எல்ஸ், டபிள்யூஎஸ்ஜிஐ, ஏஎஸ்ஜிஐ (ரெண்டும் சர்வரோட இணைக்கறதுக்கு), இனிட் ஃபைல் மட்டும்தான். மாடல்ஸ், வியூஸ், மைக்ரேஷன்ஸ் எல்லாம் பைதான் மேனேஜ்.பை ஸ்டார்ட்ஆப் போட்டாதான் வரும், அந்த ஆப் பேரை செட்டிங்ஸ்ல இருக்கற இன்ஸ்டால்ட்_ஆப்ஸ் பட்டியல்லயும் சேக்கணும். டெம்ப்ளேட்ஸும் ஸ்டாடிக்கும் ஜாங்கோ எப்பவுமே உருவாக்காது, நாமதான் ரைட் கிளிக் பண்ணி நியூ ஃபோல்டர் போடணும். வீடியோக்காரர் அதை முன்னாடியே போட்டு வச்சிருப்பாரு, இவங்க இதைச் சொல்லாம விடறதாலதான் பாதி பேர் இங்க வந்து நிக்கறாங்க.

மேனேஜ்.பை பக்கத்துல டெம்ப்ளேட்ஸ் போட்டுட்டு, செட்டிங்ஸ்ல டெம்ப்ளேட்ஸ் பகுதில டிர்ஸ் (ஜாங்கோ தேட வேண்டிய ஃபோல்டர் பட்டியல்) காலியா இருக்கும், அதுல பேஸ்_டிர் / 'டெம்ப்ளேட்ஸ்' குடுங்க, பேஸ்_டிர்னா மேனேஜ்.பை இருக்கற ஃபோல்டர்.

கோடம்பாக்கம்_கோடர்: ஒரே பேர்ல ரெண்டு ஃபோல்டர் குழப்புதுன்னா காலி ஃபோல்டருக்குள்ள போய் அதே கமாண்ட் கடைசில ஒரு ஸ்பேஸ் விட்டு புள்ளி வைங்க, மேனேஜ்.பை அங்கயே வந்துடும். இந்த ரெட்டை ஃபோல்டர் அமைப்பு 2012ல 1.4 வெர்ஷன்ல வந்தது, அதனால ரொம்ப பழைய டுடோரியல் படம் ஒத்துப்போகாது. வெளி ஃபோல்டர் பேரை என்ன வேணா மாத்திக்கலாம், உள்ள இருக்கறதை மட்டும் தொடாதீங்க, செட்டிங்ஸ் பாதைல அந்தப் பேர்தான் எழுதியிருக்கு.

ராக்கோழி: ரொம்ப நன்றி ப்ரோ. ஃபோல்டர் போட்டு டிர்ஸும் குடுத்துட்டேன், ஆனா இப்போ டெம்ப்ளேட்-டஸ்-நாட்-எக்ஸிஸ்ட்னு (டெம்ப்ளேட் இல்லைனு) மஞ்சள் எரர் பக்கம் வருது 😩

பாம்பாட்டி: அந்தப் பக்கத்துலயே கொஞ்சம் கீழ டெம்ப்ளேட்-லோடர் போஸ்ட்மார்ட்டம்னு ஒரு பகுதி இருக்கும், ஜாங்கோ எந்தெந்த பாதைல தேடிச்சுன்னு முழுசா காட்டும். அதையும் உங்க ஃபைல் நிஜமா இருக்கற பாதையையும் எழுத்துக்கு எழுத்து ஒத்துப் பாருங்க. நோட்பேட்ல சேவ் பண்ணியிருந்தா ஹோம்.எச்டிஎம்எல்.டிஎக்ஸ்டி ஆகியிருக்கும், விண்டோஸ் அந்த வாலை மறைச்சிடும்.

ராக்கோழி: அது வெளி கடைல தேடுது, என் டெம்ப்ளேட்ஸ் உள் கடைல இருக்கு. நகத்தினதும் பக்கம் வந்துடுச்சு!! ஸ்டாடிக்கும் அதே இடத்துல போடவா?

கோடம்பாக்கம்_கோடர்: ஆமா, செட்டிங்ஸ்ல ஸ்டாடிக்ஃபைல்ஸ்_டிர்ஸ்ல பாதை குடுத்துடுங்க. இன்னொண்ணு, கிட் (கோட் மாற்றங்களைச் சேமிச்சு வைக்கற டூல்) காலி ஃபோல்டரை எடுத்துக்காது, வேற மெஷின்ல க்ளோன் (நகல்) பண்ணா ஸ்டாடிக் இருக்காது, ஜாங்கோ வார்னிங் காட்டும். உள்ள .கிட்கீப்னு ஒரு காலி ஃபைல் போட்டு கமிட் பண்ணுங்க (கிட்ல பதிவு பண்ணுங்க).