பெரிய வீட்டுக் குழு: செல்வி எங்கே பிஎச்டி சேர்வது?

செல்வி: இந்த வருடம் நர்சிங் பிஎச்டிக்கு விண்ணப்பிக்கப் போகிறேன். எம்ஜிஆர் மருத்துவப் பல்கலை, போரூர் ராமச்சந்திரா, வேலூர் சிஎம்சி, மூன்றும் மனதில் இருக்கின்றன. எதைப் பிடிப்பது?

சித்தப்பா: வேலூர்தான், யோசிக்கவே வேண்டாம். 1946-லேயே பிஎஸ்சி நர்சிங் ஆரம்பித்த இடம்.

பெரியம்மா: 🌹 காலை வணக்கம் 🌹 டாக்டர் ஆகிவிட்டால் எனக்குச் சர்க்கரை மாத்திரை எழுதித் தருவாயா?

செல்வி: அந்த டாக்டர் இல்லை பெரியம்மா 😄

ராஜி அக்கா: செல்வி, நீ சொல்வது மூன்று இல்லை, இரண்டுதான். சிஎம்சி நர்சிங் கல்லூரியே எம்ஜிஆர் பல்கலையின் கீழ்தான் வருகிறது. ராமச்சந்திரா நிகர்நிலைப் பல்கலை, தானே பட்டம் தரும், அது தனி. கல்லூரிப் பெயரை விடு. என்ன தலைப்பு?

செல்வி: சர்க்கரை நோயாளிகளின் கால் புண். டிஸ்சார்ஜ் ஆன பிறகு வீட்டில் யார், எப்படிக் கவனிக்கிறார்கள் என்று.

ராஜி அக்கா: நல்ல தலைப்பு. அப்படியென்றால் முதலில் கைடை, அதாவது உன் ஆராய்ச்சியை வழிநடத்தும் ஆசிரியரைத் தேடு. மெடிக்கல் சர்ஜிக்கல் பிரிவில், அதாவது பெரியவர்களுக்கான நர்சிங்கில் (இப்போது பாடத்திட்டத்தில் அடல்ட் ஹெல்த் என்கிறார்கள்), காயப் பராமரிப்பிலோ சர்க்கரை நோயிலோ ஆராய்ச்சி செய்தவர் யார் என்று பார். பேராசிரியர் ஒரே நேரத்தில் 8 பிஎச்டி மாணவர்களைத்தான் வைத்துக்கொள்ள முடியும், இணைப் பேராசிரியர் 6, உதவிப் பேராசிரியர் 4. இடம் காலியா என்று கேட்டுக்கொள். பிறகு வயதைக் கேள்.

சித்தப்பா: வயதையா? மரியாதையாக இருக்குமா?

ராஜி அக்கா: நேராகக் கேட்க வேண்டாம் சித்தப்பா, எப்போது ஓய்வு என்று விசாரித்தால் போதும். 2022 யுஜிசி (பல்கலைக்கழக மானியக் குழு) விதிப்படி ஓய்வுக்கு 3 வருடத்துக்கும் குறைவாக இருப்பவர் புதிதாக மாணவர் எடுக்கக் கூடாது. நான் சேர்ந்தபோது அதைப் பார்க்கவில்லை. தரவு சேகரித்து முடித்த நேரத்தில் என் கைடு ஓய்வு பெற்றுவிட்டார். புதியவருக்கு என் தலைப்பே பிடிக்கவில்லை. ஒன்றரை வருடம் போனது.

செல்வி: ஐயோ. அக்கா, நான் வேலையை விட முடியாது. பகுதி நேரம் சரிப்படுமா?

ராஜி அக்கா: சரிப்படும். நீ வேலை பார்க்கும் கல்லூரி தடையில்லாச் சான்றிதழ் தர வேண்டும். கோர்ஸ் ஒர்க்குக்கு, அதாவது பிஎச்டி பாட வகுப்புகளுக்கு, விடுவிப்போம் என்றும் அதில் இருக்க வேண்டும். அதை முதலில் எழுதி வாங்கு, வாய்ச்சொல்லை நம்பாதே. குறைந்தது 3 வருடம், அதிகபட்சம் 6. பெண்களுக்கு அதற்கு மேலும் தளர்வு உண்டு.

கார்த்தி (ஹூஸ்டன்): ஆன்லைனில் முடிக்கலாம் என்று இங்கே விளம்பரமாக வருகிறதே?

ராஜி அக்கா: வேண்டவே வேண்டாம். நம் ஊரில் ஆன்லைன் பிஎச்டி செல்லாது. 2022-ல் யுஜிசியும் ஏஐசிடிஇயும் (தொழில்நுட்பக் கல்விக் குழு) சேர்ந்தே எச்சரித்தார்கள்.

கார்த்தி (ஹூஸ்டன்): சரி அக்கா. இங்கே டிஎன்பி (டாக்டர் ஆஃப் நர்சிங் பிராக்டிஸ்) என்றும் ஒரு நர்சிங் பட்டம் இருக்கிறது, என் மனைவி அதைத்தான் பார்க்கிறாள்.

ராஜி அக்கா: அது நோயாளி பக்கத்திலேயே நிற்பவர்களுக்கானது. பிஎஸ்சிக்குப் பிறகு மொத்தம் 1,000 மணி நேரமாவது பயிற்சி கணக்கில் வர வேண்டும். செல்விக்குப் பாடம் நடத்த வேண்டும், ஆராய்ச்சி செய்ய வேண்டும். அவளுக்குப் பிஎச்டிதான்.

சித்தப்பா: அப்போது வேலூர் இல்லையா? 😔

ராஜி அக்கா: கைடு அங்கே கிடைத்தால் வேலூர்! ஆனால் செல்வி, உன் நோயாளிகள் எங்கே இருக்கிறார்கள் என்பதையும் யோசி. திருச்சி பெரியாஸ்பத்திரியில் தரவு எடுக்கப் போகிறாய் என்றால், எந்தக் கல்லூரியில் சேர்ந்தாலும் அங்கே அனுமதி வாங்கித்தான் ஆக வேண்டும். ஆராய்ச்சிக்கு ஒப்புதல் தரும் நெறிமுறைக் குழுவுக்கே மாதங்கள் ஆகும்.

செல்வி: புரிகிறது அக்கா. இரண்டு பேர் பெயர் மனதில் இருக்கிறது, சனிக்கிழமை பேசுகிறேன். ஓய்வு விஷயமும் நைசாகக் கேட்கிறேன்.

பெரியம்மா: செல்வி, கால் புண் என்றாயே. என் பெருவிரலில் நாலு நாளாக ஒரு கொப்புளம். வலியே இல்லை, அதனால் சொல்லவில்லை.

செல்வி: வலி இல்லாததுதான் பயம் பெரியம்மா! இப்போதே போட்டோ அனுப்புங்கள். உடைக்காதீர்கள், வெறுங்காலோடு நடக்காதீர்கள். சித்தப்பா, இன்றைக்கே டாக்டரிடம் கூட்டிப் போங்கள்.

சித்தப்பா: வண்டி எடுத்துவிட்டேன்.