போர்க்கால மான்ட்ரியலில் ஒரு ஹாக்கி வீரரின் மனைவி: சுமையா, சலுகையா?

மாடிவீட்டு வாசகி எழுதியது:

கனடாவின் மான்ட்ரியல் பனி ஹாக்கி அணி வீரர் மோரிஸ் ரிச்சர்ட், இரண்டாம் உலகப் போர் நடந்த 1944-45 பருவத்தில் 50 ஆட்டங்களில் 50 கோல் அடித்ததைப் பற்றிப் பேசும்போது, போர் ஆண்டுகளில் அவருடைய மனைவி லூசில் சொகுசாகவே வாழ்ந்திருப்பார் என்று ஓர் அன்பர் போகிற போக்கில் எழுதிவிட்டார். அதை அப்படியே விட்டுவிட எனக்கு மனம் வரவில்லை. அவர்களுக்குத் திருமணம் நடந்தது 1942 செப்டம்பரில். டிசம்பர் இறுதியில் பாஸ்டன் அணிக்கு எதிரான ஆட்டத்தில் ரிச்சர்டின் கணுக்கால் முறிந்தது. பதினாறே ஆட்டங்களோடு அவருடைய முதல் பருவம் முடிந்துபோனது. ஆக, மணமான முதல் குளிர்காலத்திலேயே நடமாட முடியாத கணவரைப் பராமரிக்கும் பொறுப்பு லூசிலின் தலையில் விழுந்தது. சர்க்கரைக்கும் தேயிலைக்கும் காப்பிக்கும் ஏற்கெனவே கூப்பன் வந்துவிட்டது. அந்த டிசம்பரிலேயே வெண்ணெயும் பங்கீட்டுக்குள் போனது. தலைக்கு வாரம் அரை ராத்தல் சர்க்கரைதான். அடுத்த அக்டோபரில் மகள் ஊகெத் பிறந்தாள். குழந்தையின் எடை ஒன்பது ராத்தல் என்பதால் தந்தை தம் சட்டை எண்ணை 15-இலிருந்து 9-ஆக மாற்றிக்கொண்ட கதை எல்லோருக்கும் தெரியும். அந்தக் குழந்தையை இரவெல்லாம் தூக்கிச் சுமந்தவரைப் பற்றித்தான் யாரும் பேசுவதில்லை.

நெய்தல்காரன் எழுதியது:

அம்மா, நீங்கள் அடுக்கியவற்றில் எது ஹாக்கி வீரரின் மனைவிக்கு மட்டும் உரியது? அரை ராத்தல் சர்க்கரையை வைத்துக்கொண்டு வாரத்தை ஓட்டியது மான்ட்ரியலின் ஒவ்வொரு குடும்பமும்தான். அதிலும் ஒரு செய்தியை நீங்கள் விட்டுவிட்டீர்கள். 1943 மே மாதம் தொடங்கிய இறைச்சிப் பங்கீடு 1944 மார்ச்சில் நிறுத்தப்பட்டு, போர் முடிந்த பிறகு 1945 செப்டம்பரில்தான் திரும்ப வந்தது. அந்த 50 கோல் பருவம் முழுவதும் ரிச்சர்டின் தட்டில் மாட்டிறைச்சி வைக்க எந்தக் கூப்பனும் தேவைப்படவில்லை.

எல்லாவற்றுக்கும் மேலாக, லூசிலின் கணவர் ஆட்டம் முடிந்தால் வீடு திரும்பினார். நியூயார்க் ரேஞ்சர்ஸ் அணிக்காக 1942-43-இல் 23 ஆட்டங்கள் ஆடிய ரெட் காரெட் கடற்படையில் சேர்ந்தார். 1944 நவம்பரில் ஷாவினிகன் என்ற கப்பலை ஜெர்மானிய நீர்மூழ்கி மூழ்கடித்தபோது, அதில் இருந்த 91 பேரில் ஒருவர்கூடப் பிழைக்கவில்லை. காரெட்டுக்கு அப்போது வயது இருபது. அந்த வீட்டுக்குப் போன தந்தியின் பக்கத்தில் வைத்துப் பார்த்தால், மான்ட்ரியல் அடுக்களையின் கஷ்டத்தைச் சுமை என்று சொல்ல எனக்கு நா எழவில்லை.

மாடிவீட்டு வாசகி எழுதியது:

தந்தி வந்த வீட்டோடு ஒப்பிட்டால் அந்த நகரத்தில் எந்தப் பெண்ணுக்கும் சுமை இருந்ததாகச் சொல்ல முடியாது, நண்பரே. அந்த அளவுகோலை வைத்துக்கொண்டால் விவாதத்துக்கே இடமில்லை. ஹாக்கி வீட்டுக்கு மட்டும் உரியது எது என்று கேட்டீர்கள், சொல்கிறேன்.

முதலாவது, ரயில். பருவத்தின் 50 ஆட்டங்களில் பாதி வெளியூரில் நடந்தன; பாஸ்டன், நியூயார்க், டிட்ராய்ட், சிகாகோ, டொரொண்டோ என்று அணி இரவு ரயிலில் அலைந்தது. போர்க்கால ரயில் நேரங்களுக்குக் கட்டுப்பட்டே 1942 நவம்பரில் இந்த அணிகள் ஆடிய தேசிய ஹாக்கி லீகின் வழக்கமான ஆட்டங்களில் கூடுதல் நேரம் ஆடுவதை நிறுத்தினார்கள். ஆட்டத்தின் விதியையே மாற்றிய ரயில் அட்டவணை, வீட்டில் அடுப்பு எரியும் நேரத்தை மாற்றாமல் விட்டிருக்குமா? ரிச்சர்ட் போர்க்காலத்தில் ஆயுதத் தொழிற்சாலையிலும் வேலை பார்த்தவர் என்பதையும் சேர்த்துப் பாருங்கள்.

இரண்டாவது, ஊர்வாய். ரிச்சர்ட் படையில் சேர முன்வந்தார். பழைய எலும்பு முறிவுகளைக் காட்டித் திருப்பி அனுப்பினார்கள். ஆனால் 1942 ஏப்ரல் வாக்கெடுப்பில் கட்டாயப் படைச் சேர்ப்புக்கு மான்ட்ரியல் இருக்கும் கியூபெக் மாகாணம் பெருவாரியாக மறுப்புச் சொல்லிவிட்டிருந்த நாட்டில், மான்ட்ரியல் அணி வீரர்கள் போர்த் தொழிற்சாலை வேலையைச் சொல்லிப் படையிலிருந்து தப்பிக்கிறார்கள் என்று டொரொண்டோ பக்கம் ஏசிக்கொண்டிருந்தபோது, மறுக்கப்பட்டவருக்கும் மறைந்துகொண்டவருக்கும் யார் வேறுபாடு பார்த்தார்கள்? தொழிற்சாலைத் தொழிலாளியின் பெயர் செய்தித்தாளில் வருவதில்லை. லூசிலின் கணவர் பெயர் வாரந்தோறும் வந்தது.

பனிமூட்டம் எழுதியது:

இருவரும் சட்டத்தை மறந்துவிட்டீர்கள். கியூபெக்கில் 1964 வரை மணமான பெண்ணுக்குத் தன் பெயரில் ஒப்பந்தம் செய்யும் முழு உரிமை கிடையாது. கணவர் சிகாகோவில் இருக்கும்போது வாடகைப் பத்திரத்தில் மனைவி தானாகக் கையெழுத்திட வழியில்லை. 1944 டிசம்பர் 28-ஆம் தேதி ரிச்சர்ட் பகல் முழுவதும் பியானோ உட்பட வீட்டுச் சாமான்களைப் புது வீட்டுக்குத் தூக்கிச் சென்றுவிட்டு, அன்றிரவு டிட்ராய்டுக்கு எதிராக ஐந்து கோல் அடித்து, மூன்று கோலுக்கு உதவினார் என்று பெருமையாகச் சொல்கிறோம். ஆட்ட நாளில் ஏன் வீடு மாற்றினார் என்று மட்டும் கேட்பதில்லை.

நெய்தல்காரன் எழுதியது:

பனிமூட்டம் அவர்களே, அந்தச் சட்டம் படைவீரரின் மனைவியையும் அப்படியேதான் கட்டியது. அவருடைய கணவர் இருந்தது சிகாகோவில் அல்ல, இத்தாலியில். வீடு மாற்றும் நாளில் பியானோவைத் தூக்க லூசிலுக்கு ஓர் ஆள் இருந்தார் என்பதே நான் சொல்லவந்த சலுகை.

ஊர்வாய் பற்றி அம்மா எழுதியது உண்மைதான். ஆனால் படைவீரர் மனைவிக்குக் கிடைத்த மாதப் படியை வழங்கிய ஒட்டாவா அரசு வாரியம், அவர் ஒழுக்கமாக நடக்கிறாரா என்று புகார் வந்தால் விசாரித்தது, வேண்டுமானால் படியையும் நிறுத்தியது. லூசிலை ஊர் ஏசியிருக்கலாம். அதற்காக அவர் வீட்டுக் கதவை எந்த அதிகாரியும் தட்டவில்லை. இந்த வேறுபாட்டுக்குப் பதில் வராதவரை, சலுகை என்ற என் சொல்லை நான் திரும்பப் பெறுவதாயில்லை.