ஊர்ப்புற நூலகக் கூரைக்கு ‘நமக்கு நாமே’ திட்டத்தில் நிதி பெற இயலுமா? அனுபவம் உள்ளவர்கள் வழிகாட்ட வேண்டுகிறேன்

புதுகை வாசகன் (கேள்வி):

அனைவருக்கும் வணக்கம். புதுக்கோட்டை மாவட்டத்தில் ஏறத்தாழ அறுநூறு வீடுகள் கொண்ட ஊர் எங்களுடையது. பழைய வானொலி அறையை ஒட்டி ஊராட்சி கட்டிக் கொடுத்த ஒரே அறையில் எங்கள் ஊர்ப்புற நூலகம் முப்பது ஆண்டுகளாக இயங்கி வருகிறது. சென்ற ஐப்பசி மழையின்போது கூரையின் உட்பூச்சு பெயர்ந்து, குரூப் 4 தேர்வுக்குப் படிக்கும் பிள்ளைகள் வழக்கமாக உட்காரும் மேசையின் மீதே விழுந்தது. அன்று வெள்ளிக்கிழமை, நூலகத்துக்கு விடுமுறை என்பதால் யாருக்கும் அடிபடவில்லை. இப்போது துருப்பிடித்த கம்பிகள் வெளியே தெரிகின்றன. நூலகர் அலமாரிகளைச் சுவரோரத்திலிருந்து நடுவுக்கு இழுத்துத் தார்ப்பாய் போர்த்தி வைத்திருக்கிறார். ஒரு புத்தகம் எடுக்க வேண்டுமென்றால் இருவர் சேர்ந்து தார்ப்பாயைத் தூக்க வேண்டியிருக்கிறது.

வாசகர் வட்டத்தினர் பன்னிரண்டு பேர் சேர்ந்து வீடு வீடாகச் சென்று இதுவரை 1,42,000 ரூபாய் திரட்டியிருக்கிறோம். ஊர்க் கொத்தனார் மூன்றரை லட்சத்தில் முடித்துவிடலாம் என்கிறார். ஒன்றிய அலுவலகத்தில் விசாரித்தபோது ஐந்தரை லட்சத்துக்கு மேல் ஆகும் என்று வாய்மொழியாகச் சொன்னார்கள். மக்கள் பங்குத்தொகை கொடுத்தால் மீதியை அரசு கொடுக்கும் ‘நமக்கு நாமே’ திட்டத்தில் இதைச் சேர்க்க முடியுமா? அதற்கு எங்கள் வட்டத்தைச் சங்கமாகப் பதிவு செய்ய வேண்டுமா? சிங்கப்பூரில் இருக்கும் எங்கள் ஊர்க்காரர்கள் ஐந்து பேர் சேர்ந்து ஒரு லட்சம் தருவதாகச் சொல்கிறார்கள், அதை வாங்கலாமா? 2025 ஜனவரியில் ஊராட்சித் தலைவரின் பதவிக்காலம் முடிந்துவிட்டதால், தீர்மானத்துக்கு யாரை அணுகுவது என்பதிலும் குழப்பமாக இருக்கிறது. விவரம் அறிந்தவர்கள் சற்று விளக்கமாக எழுதினால் நன்றியுடையவர்களாக இருப்போம்.

ஓய்வுபெற்ற உதவிப் பொறியாளர்:

வணக்கம் தம்பி. ஊரக வளர்ச்சித் துறையில் பணியாற்றி ஓய்வு பெற்றவன் என்ற முறையில் எழுதுகிறேன். உங்கள் பணி இந்தத் திட்டத்துக்குப் பொருத்தமானதுதான். 1997-98இல் தொடங்கிய ‘நமக்கு நாமே’, 2011-12இல் தன்னிறைவுத் திட்டம் என்று பெயர் மாறி, 2021-22இல் மீண்டும் பழைய பெயருக்கே வந்தது. பெயர்கள் மாறினாலும் அடிப்படை ஒன்றுதான்: மதிப்பீட்டுத் தொகையில் குறைந்தது மூன்றில் ஒரு பங்கை மக்கள் செலுத்த வேண்டும், மீதியை அரசு ஏற்கும். பள்ளி, நூலகம், சத்துணவுக் கூடம், மருத்துவமனை போன்ற பொதுக் கட்டடங்களுக்கு இத்தொகையைப் பயன்படுத்தலாம். தனியார் சொத்துக்கும் வழிபாட்டுத் தலங்களுக்கும் பயன்படுத்த இயலாது. பங்குத்தொகையைத் தனி நபரும் தரலாம், குழுவும் தரலாம், நிறுவனமும் தரலாம். ஆகவே இதற்காகச் சங்கம் பதிவு செய்ய வேண்டிய அவசியம் இல்லை.

கொத்தனார் சொன்ன தொகைக்கும் ஒன்றியத்தில் சொன்ன தொகைக்கும் உள்ள வேறுபாட்டைப் பார்த்து, இடையில் யாரோ பணம் பார்க்கிறார்கள் என்று ஊரில் பேச்சு எழும். அதை இப்போதே தெளிவுபடுத்திவிடுங்கள். அரசு மதிப்பீடு பொதுப்பணித் துறையின் விலைவிகிதப் பட்டியலைக் கொண்டு தயாரிக்கப்படுகிறது. அதன் மேல் 18 விழுக்காடு ஜிஎஸ்டியும், கட்டுமானத் தொழிலாளர் நல வரி 1 விழுக்காடும் சேர்கின்றன. வேலையின் அடிப்படை மதிப்பு 4,80,000 ரூபாய் என்று வைத்துக்கொண்டால், ஜிஎஸ்டி 86,400, நல வரி 4,800 என மொத்தம் 5,71,200 ஆகிறது. அதில் மூன்றில் ஒரு பங்கு 1,90,400. உங்களிடம் இருப்பது போக இன்னும் 48,400 ரூபாய் தேவைப்படும். இது என் உத்தேசக் கணக்குதான்; பொறியாளர் நேரில் வந்து கூரையைத் தட்டிப் பார்த்து, பூச்சு மட்டும் போதுமா, தளத்தையே இடித்துப் புதிதாகப் போட வேண்டுமா என்று முடிவு செய்த பிறகே உண்மையான தொகை தெரியும். அந்தத் தொகை எழுத்தில் கைக்கு வரும் வரை வசூலை நிறுத்தி வைப்பது நல்லது என்பது என் உறுதியான கருத்து. மதிப்பீடு கூடினால் மறுபடியும் அதே வீட்டு வாசலில் போய் நிற்க வேண்டியிருக்கும். குறைந்தால் மிச்சப் பணத்துக்கு ஊரில் விளக்கம் சொல்ல வேண்டியிருக்கும்.

மக்கள் பங்கு பாதியோ அதற்கு மேலோ இருந்தால், பங்களிப்பவர்களே வேலையை எடுத்துச் செய்ய இடமுண்டு. மேற்கண்ட கணக்கின்படி அது 2,85,600 ரூபாய். பலருக்கு இது கவர்ச்சியாகத் தெரியும். ஆனால் அரசு பணம் முன்கூட்டியே வராது. செய்து முடித்த வேலையைப் பொறியாளர் அளந்து அளவுப் புத்தகத்தில் பதிந்த பிறகே பணத்துக்கான பட்டியல் போடப்படும். அதுவரை சிமெண்ட்டுக்கும் கம்பிக்கும் கூலிக்கும் கைப்பணம் போட உங்களிடம் ஆள் இருக்கிறாரா என்று யோசியுங்கள். இந்த அளவு வேலைக்கு ஒப்பந்தப்புள்ளி முறையே போதும். வேலை நடக்கும் நாள்களில் உங்களில் ஒருவர் முறை வைத்து அங்கே நின்று, கலவை விகிதத்தையும் நீராற்றுவதையும் கவனித்துக்கொண்டால் தரம் தானாகவே காக்கப்படும். கான்கிரீட் போட்ட மறுநாளிலிருந்து தளத்தின் மேல் பாத்தி கட்டி நீர் நிறுத்துகிறார்களா என்பதை மட்டும் தவறாமல் பாருங்கள். ஊர்க்காரர்கள் கண்காணிக்காத இடங்களில் முதலில் விட்டுப்போவது அதுதான்.

தலைவர் இல்லாத ஊராட்சிகளில் தனி அலுவலர்தான் பொறுப்பில் இருக்கிறார். வட்டார வளர்ச்சி அலுவலரிடம் மனுவைக் கொடுத்து, தீர்மான நகலைப் பெறுங்கள். நிர்வாக அனுமதி மாவட்ட ஆட்சியரிடமிருந்து வர வேண்டும்.

இன்னொன்று கேட்க விட்டுப்போயிற்று. உங்களுடையது பொது நூலகத் துறையின் ஊர்ப்புற நூலகமா, 2006 முதல் 2011 வரை நடந்த அண்ணா மறுமலர்ச்சித் திட்டத்தில் ஊராட்சிகள்தோறும் கட்டிய ஊராட்சி நூலகமா? இரண்டுக்கும் அலுவலகம் வேறு.

காவிரிக்கரை ஆசிரியை:

பொறியாளர் ஐயா வசூலை நிறுத்தி வைக்கச் சொன்னதை ஒருமுறைக்கு இருமுறை படித்துக்கொள்ளுங்கள். அதை நாங்கள் பட்டுத் தெரிந்துகொண்டோம்.

எங்கள் ஊர் அரசுப் பள்ளிக்குச் சுற்றுச்சுவர் கட்டுவதற்காக, முன்னாள் மாணவர்கள் சேர்ந்து ஒரு பொங்கலுக்குள் 2,10,000 ரூபாய் திரட்டினோம். பணம் சேர்ந்த மகிழ்ச்சியில் மனுவை எடுத்துக்கொண்டு போனபோதுதான், சுவர் வரவேண்டிய இடத்தில் ஒரு பகுதி வாய்க்கால் புறம்போக்கு என்று நில அளவரின் புலப்படத்தில் இருப்பது தெரிந்தது. அதைச் சரிசெய்து கோட்டை மாற்றி வரைந்து, புதிய மதிப்பீடு வாங்குவதற்குப் பதினொரு மாதங்கள் ஆயின. அந்தப் பதினொரு மாதங்களும் நாங்கள் தலை குனிந்துதான் தெருவில் நடந்தோம். நூறு நாள் வேலைக் கூலியிலிருந்து இருநூறு ரூபாய் கொடுத்திருந்த ஓர் ஆத்தா, ரேஷன் கடை வரிசையில் நின்றபடி, “ஏம்மா, செவுரு எப்பம்மா எழும்பும்?” என்று கேட்டார்கள். அவர்கள் சந்தேகத்தோடு கேட்கவில்லை, ஆசையோடுதான் கேட்டார்கள். அன்று இரவு எனக்கு உறக்கம் வரவில்லை. மறுநாளே வரவுப் பட்டியல் முழுவதையும் எழுதிப் பள்ளிச் சுவரில் ஒட்டி, பணம் எந்த வங்கியில் எவர் எவர் கையொப்பத்தில் இருக்கிறது என்பதையும், வேண்டுமென்றால் திரும்பப் பெற்றுக்கொள்ளலாம் என்பதையும் கீழே எழுதினோம். நான்கு பேர் மட்டும் திரும்ப வாங்கிக்கொண்டார்கள். சுவர் இப்போது எழும்பி நிற்கிறது.

ஆகவே கிராம நிர்வாக அலுவலரிடம் ‘அ’ பதிவேட்டு நகலும் புலப்படமும் வாங்கி, அறை நிற்கும் இடம் யார் பெயரில் இருக்கிறது என்பதை முதலில் பாருங்கள். கட்டடம் ஊராட்சியுடையதாகவும் பயன்படுத்துவது நூலகத் துறையாகவும் இருந்தால், மாவட்ட நூலக அலுவலரிடமிருந்தும் ஒரு தடையின்மைக் கடிதம் பெற்று மனுவோடு இணைத்துவிடுங்கள். பிறகு ஒருவர் மற்றவரைக் கை காட்டும் நிலை வராது.

கணக்குத் தணிக்கையாளர்:

சிங்கப்பூர்ப் பணத்தைப் பற்றி எவரும் எழுதவில்லை என்பதால் அதை மட்டும் எடுத்துக்கொள்கிறேன்.

இங்கே பார்க்க வேண்டியது பணம் எந்த நாட்டிலிருந்து வருகிறது என்பதைவிட, தருபவர் எந்த நாட்டுக் குடிமகன் என்பதைத்தான். இந்தியக் கடவுச்சீட்டு வைத்துக்கொண்டு அங்கே வேலை பார்ப்பவர், தம் சொந்தச் சேமிப்பிலிருந்து வங்கி வழியாக அனுப்பும் தொகை, 2010ஆம் ஆண்டின் வெளிநாட்டுப் பங்களிப்பு ஒழுங்குமுறைச் சட்டத்தின்படி வெளிநாட்டுப் பங்களிப்பு ஆகாது. அவர் தாராளமாகத் தரலாம். கடவுச்சீட்டின் நகலை மட்டும் வாங்கிக் கோப்பில் வைத்துக்கொள்ளுங்கள். அதே ஊரில் பிறந்து வளர்ந்து, பின்னர் சிங்கப்பூர்க் குடியுரிமை பெற்றுவிட்டவரிடமிருந்து வாங்கினால், அவரிடம் ஓசிஐ அட்டை (வெளிநாட்டுக் குடியுரிமை பெற்ற இந்திய வம்சாவளியினருக்கு இந்திய அரசு தரும் அட்டை) இருந்தாலும், அது வெளிநாட்டுப் பங்களிப்பாகவே கருதப்படும். அந்தச் சட்டத்தின் கீழ் பதிவோ முன் அனுமதியோ இல்லாத குழு அதை வாங்கக் கூடாது. பதிவு பெறுவதற்கு மூன்று ஆண்டுச் செயல்பாடும், அந்த மூன்று ஆண்டுகளில் 15 லட்சம் ரூபாய் செலவு செய்த கணக்கும், புது தில்லியில் பாரத ஸ்டேட் வங்கியின் முதன்மைக் கிளையில் தனிக் கணக்கும் வேண்டும். ஒரு நூலகக் கூரைக்காக அந்த வழியில் இறங்குவது பொருந்தாது. இங்குள்ள அண்ணன் கணக்கில் போட்டு அவர் பெயரில் கொடுத்துவிடலாம் என்று யாராவது யோசனை சொல்வார்கள், அன்பினால்தான் சொல்வார்கள். அதற்கு மட்டும் இணங்காதீர்கள்.

பங்குத்தொகையை வரைவோலையாகச் செலுத்தும்போது இரண்டு செய்திகளை நினைவில் வையுங்கள். 50,000 ரூபாயும் அதற்கு மேலும் உள்ள வரைவோலையைக் கையில் ரொக்கம் கொடுத்து வாங்க முடியாது; வங்கிக் கணக்கிலிருந்துதான் எடுக்க முடியும். மேலும் 2018 செப்டம்பரிலிருந்து, வங்கியில் பணம் கட்டி வரைவோலையை எடுப்பவரின் பெயரும் அதில் அச்சிடப்படுகிறது. ஊர்ப் பணம் முழுவதும் ஒருவருடைய சொந்தக் கணக்கு வழியாகப் போனால் அந்த ஒருவரின் கொடையாகவே ஆவணத்தில் நிற்கும். எனவே மூவர் கூட்டுக் கணக்கு ஒன்று தொடங்கி, எண்ணிட்ட ரசீதுப் புத்தகம் அச்சிட்டு, இதுவரை வசூலித்த தொகைக்கும் பின்தேதி போடாமல் இன்றைய தேதியிலேயே ரசீது கொடுத்துவிடுங்கள். சங்கமாகப் பதிவு செய்ய 1975ஆம் ஆண்டுச் சட்டப்படி ஏழு பேர் போதும். ஆனால் ஆண்டுதோறும் பொதுக்குழு கூட்டிக் கணக்குத் தாக்கல் செய்யும் உறுதி இருந்தால் மட்டும் அதைப் பின்னர் செய்யுங்கள்.

நூலகப் பணியாளர்:

வேலை தொடங்கும் நாளுக்குள் புத்தகங்களை எங்கே வைப்பது என்பதற்கும் வழி பார்த்துக்கொள்ளுங்கள். கூரை வேலை நடக்கும்போது ஒரே அறைக்குள் அவற்றை வைத்திருக்க இயலாது. உங்கள் ஊரில் கிராம ஊராட்சி சேவை மையக் கட்டடம் இருந்தால் அதில் ஓர் அறையைத் தனி அலுவலரிடம் எழுத்துமூலம் கேளுங்கள். நாளிதழ்களும் போட்டித் தேர்வு நூல்களும் மட்டுமாவது அங்கே திறந்த நிலையில் இருந்தால், வாசகர் வருகைப் பதிவேடு தடைப்படாது. இரண்டு மூன்று மாதங்கள் வருகை இல்லாமல் கிடக்கும் நூலகத்துக்கு மறுபடியும் ஆள்களைக் கூட்டி வருவது எவ்வளவு கடினம் என்பதை எங்களைப் போன்றவர்கள்தான் அறிவோம். இடம் மாற்றும்போது நூல் சேர்க்கைப் பதிவேட்டோடு ஒப்பிட்டு, நனைந்து கெட்டவற்றைத் தனிப் பட்டியலாக எழுதி வைக்கும்படி நூலகருக்கு வாசகர் வட்டத்தினர் உதவுங்கள். அவர் ஒருவரால் அது ஆகாது.

கூரை முடிந்த பின் நாற்காலி, மின்விசிறி என்று செலவு வரும். சொத்து வரியில் ரூபாய்க்குப் பத்து காசு வீதம் வசூலாகும் நூலக வரியிலிருந்துதான் மாவட்ட நூலக ஆணைக்குழு எல்லாவற்றையும் பார்க்கிறது என்பதால், சிற்றூர் நூலகத்தின் முறை வரத் தாமதமாகும். 1,000 ரூபாய் செலுத்திப் புரவலராகச் சேரும் முறை நம் நூலகங்களில் இருக்கிறது. இப்போது பணம் கொடுக்க இயலாமல் போனவர்களிடம், இன்னும் ஓர் ஆண்டு கழித்து அதைக் கேளுங்கள்.

புதுகை வாசகன்:

பதில் எழுதிய அனைவருக்கும் நெஞ்சார்ந்த நன்றி. பொறியாளர் ஐயா கேட்டதற்குப் பதில்: எங்களுடையது பொது நூலகத் துறையின் ஊர்ப்புற நூலகம்தான், கட்டடம் மட்டும் ஊராட்சியுடையது. ஆசிரியை அம்மா சொன்னபடி நேற்றே ‘அ’ பதிவேட்டு நகலை வாங்கிப் பார்த்தோம். இடம் கிராம நத்தம் என்று இருக்கிறது, வேறு துறையின் பெயர் எதுவும் இல்லை. புலப்படம் வியாழக்கிழமை கிடைக்கும்.

சிங்கப்பூரில் இருக்கும் ஐவரில் மூவர் இந்தியக் கடவுச்சீட்டு வைத்திருப்பவர்கள். மற்ற இருவரிடம் நிலைமையை நேற்று இரவு தொலைபேசியில் விளக்கினேன். அவர்களில் ஒருவர் இதே நூலகத்தில் படித்து வேலைக்குப் போனவர். சற்று நேரம் பேசாமல் இருந்துவிட்டு, சித்திரைத் திருவிழாவுக்கு ஊருக்கு வரும்போது புத்தகங்களை இடம் மாற்றத் தோள் கொடுப்பதாகச் சொன்னார்.

வசூலை இன்றோடு நிறுத்திவிட்டோம். கூட்டுக் கணக்கு தொடங்க மூவரைத் தேர்ந்தெடுத்திருக்கிறோம். அவர்களில் ஒருவர் மகளிர் குழுவில் பதினைந்து ஆண்டுகள் கணக்கு எழுதியவர். இதுவரை வந்த தொகையின் பட்டியலை மே 1 கிராம சபையில் படித்துவிட்டு, அன்றே தீர்மானத்தையும் முன்வைக்க இருக்கிறோம். ஒன்றியப் பொறியாளர் வந்து பார்த்து மதிப்பீடு கையில் கிடைத்ததும் தொகையை இங்கே எழுதுகிறேன்; அதைப் பொறியாளர் ஐயா ஒருமுறை சரிபார்த்துச் சொன்னால் எங்களுக்குத் தைரியமாக இருக்கும்.