ஆன்லைன் கட்டான்: முதல் இரண்டு வீடுகளை எங்கே வைப்பது?

வணக்கம். நாங்கள் நாலு பேர், ஆளுக்கொரு ஊர். வாராவாரம் ஆன்லைனில் கட்டான் (Catan) என்ற பலகை விளையாட்டை ஆடுகிறோம். இரண்டு பகடையின் கூட்டுத்தொகை எந்த எண்ணோ, அந்த எண் உள்ள கட்டத்தை ஒட்டி வீடு வைத்தவருக்கு அதன் சரக்கு சீட்டாகக் கிடைக்கும். 6, 8 இரண்டுக்கும் தலா 36-ல் 5 வாய்ப்பு என்பதால், முதல் இரண்டு வீடுகளையும் அந்த எண்களை ஒட்டியே வைக்கிறேன். ஆனால் செங்கல் வராமல், சாலை போட வழியின்றி முடங்கிவிடுகிறேன். எண்ணைப் பார்ப்பதா, ஐந்து சரக்கும் கிடைக்கிற மாதிரி பரப்பி வைப்பதா?

7 விழும்போது கையில் ஏழுக்கு மேல் சீட்டு இருந்தால் பாதி போய்விடுகிறது, அதுதான் ரொம்ப வலிக்கிறது. நேரில் என்றால் பேசிப் பேசியே மற்றவர்களிடம் சரக்கை மாற்றிக்கொள்ளலாம். திரையில் கேட்டால் சட்டென்று மறுத்துவிடுகிறார்கள். அப்படியானால் துறைமுகத்தை (வங்கியிடம் மலிவாகச் சரக்கு மாற்ற உதவும் இடம்) ஆரம்பத்திலேயே பிடிப்பது நல்லதா? ஒருமுறையாவது வெற்றிக்கான 10 புள்ளியைத் தொட ஆசை. ஆடிப் பழகியவர்கள் சொல்லித்தாருங்கள்.