சான்றிதழைக் காட்டினால் நாய் உட்காருமா?

உவர்மலை இளையவன்:
உயர்தரம் முடித்துவிட்டேன். நாய்ப் பயிற்றுநராக விருப்பம். வீட்டில் சொன்னால், "இதற்காகவா படிக்க வைத்தோம்?" என்கிறார்கள். இணையத்தில் ஒரு வெளிநாட்டு டிப்ளோமா இருக்கிறது. வீடியோக்களைப் பார்த்துக் கேள்விகளுக்கு விடை எழுதினால் சான்றிதழ் வந்துவிடும். பணம் கட்டலாமா? திருகோணமலையில் இதை வைத்துப் பிழைக்க முடியுமா?

டொக்யாட் வீதிக்காரன்:
தம்பி, அந்தப் பணத்துக்கு ஒரு நல்ல குட்டி வாங்குங்கள். நாய் சான்றிதழ் வாசிக்காது. பொலிஸ் நாய்களைக் கண்டி அஸ்கிரியவில் பழக்குகிறார்கள். அங்கே எவரும் வீடியோ பார்த்து நாய் பிடிப்பதில்லை. அனுபவசாலி ஒருவரின் பின்னால் நடந்து பழக வேண்டும். முதற்பாடம், வீட்டுக்கு எசமான் யார் என்று நாய்க்குத் தெரிய வேண்டும். ஓநாய்க் கூட்டத்தில் தலைவன் ஒருவன்தான். சொல் கேட்காவிட்டால் கழுத்துச் சங்கிலியை ஒரு வெட்டு வெட்டி இழுங்கள். அடியாத மாடு படியாது.

நிலாவெளியாள்:
ஐயா, அந்த ஓநாய்க் கதையின் வயதைச் சொல்கிறேன். 1947இல் ருடொல்ஃப் ஷெங்கல் என்பவர் மிருகக்காட்சிசாலையில் அடைக்கப்பட்ட ஓநாய்களைப் பார்த்து எழுதியது. அதைத் தம் நூலில் எடுத்தாண்டு 1970இல் பரப்பியவர் ஓநாய் ஆய்வாளர் டேவிட் மெக். காட்டு ஓநாய்களோடு ஆண்டுக்கணக்கில் திரிந்த பிறகு 1999இல் அவரே திருத்தி எழுதினார்: காட்டில் ஓநாய்க் கூட்டம் என்பது தாயும் தகப்பனும் பிள்ளைகளும் சேர்ந்த குடும்பம், தலைமைக்கான சண்டை அங்கே மிக அரிது. பரப்பியவரே கைவிட்டதை நாம் இன்னும் தூக்கிக்கொண்டு திரிகிறோம்.

நான் மிருக வைத்தியர் ஒருவரிடம் உதவியாளராக இருக்கிறேன். உறுமியதற்கு அடி வாங்கிய நாய்கள் வருகின்றன. அடித்தால் உறுமல்தான் நிற்கும், பயம் நிற்காது. பிறகு அது எச்சரிக்காமலே கடிக்கும், பெரும்பாலும் வீட்டுப் பிள்ளையை.

டொக்யாட் வீதிக்காரன்:
கோழித்துண்டு கையில் இருக்கும்வரை எல்லா நாயும் நல்ல நாய்தான், தங்கச்சி. கோட்டைப் பக்கம் மான் ஒன்று குறுக்கே ஓடட்டும். உங்கள் கோழியை அது திரும்பியும் பாராது.

நிலாவெளியாள்:
மானுக்குப் பக்கத்தில் கொண்டுபோய் நிறுத்தினால் பாராதுதான். எட்ட நில்லுங்கள். நாய் மானைக் காண வேண்டும், ஆனால் தீனியையும் வாங்க வேண்டும்; அதுதான் சரியான தூரம். தீனியைத் தட்டிவிட்டால் பின்னால் வாருங்கள். காது மான் பக்கம் நிமிர்ந்து, கண் உங்கள் பக்கம் திரும்பும் அந்தக் கணத்தில் நாக்கால் ஒரு 'டக்', உடனே தீனி. ஒரு விநாடி பிந்தினாலும் எதற்குப் பரிசு என்று அதற்கு விளங்காது. நாளுக்கு நாள் நாலடி நெருங்கலாம். பிறகு தீனியை ஒருமுறை கொடுத்து, ஒருமுறை விட்டு, மெல்லக் குறைக்கலாம். உளவியலாளர் ஸ்கின்னரிடம் படித்த பிரிலண்ட் தம்பதியர் 1940களிலேயே இதைத் தொழிலாகச் செய்து காட்டிவிட்டார்கள்.

உப்புவெளி விடுதிக்காரன்:
இருவரும் நாயைப் பற்றியே பேசுகிறீர்கள், காசு கொடுக்கிறவனைப் பற்றி ஒரு சொல் இல்லை. என் நாய் விருந்தினரைக் கண்டால் பாய்கிறது என்று ஒருவரைக் கூப்பிட்டேன். அவர் நின்றால் பொம்மை மாதிரி உட்காரும். அவர் மோட்டார் சைக்கிள் படலையைத் தாண்டியதும் பழைய குணம். எனக்கோ சமையற்காரருக்கோ அவர் எதையும் சொல்லித் தரவில்லை. தம்பி, மனிதருக்குப் பொறுமையாகச் சொல்லிக் கொடுக்க வருமா என்று முதலில் பாருங்கள். வராவிட்டால் வேறு தொழில் நல்லது. பிழைப்பைக் கேட்டால், தொடக்கத்தில் இதை மட்டும் நம்பாதீர்கள். விடுமுறைக்குப் போகிறவர்களின் நாய்களைப் பார்த்துக்கொள்ள இங்கே ஆள் கிடைப்பதில்லை. அதிலிருந்து தொடங்கலாம்.

நிலாவெளியாள்:
இது சரியான பேச்சு. டிப்ளோமா விடயத்துக்கு வருகிறேன். அமெரிக்காவில் தொழில்முறை நாய்ப் பயிற்றுநர்களுக்குச் சான்றிதழ் வழங்கும் சபை, பரீட்சைக்கு உட்காரவே முந்திய மூன்று ஆண்டுகளில் 300 மணி நேரப் பயிற்றுவிப்பு அனுபவம் கேட்கிறது. ஒரு நாயையும் தொடாமல் சான்றிதழ் தருகிற இடத்துக்குப் பணம் கட்டாதீர்கள்.

டொக்யாட் வீதிக்காரன்:
அதைத்தானே நான் முதலிலேயே சொன்னேன்! கை பழக வேண்டும் என்று.

நிலாவெளியாள்:
கை பழகுவது வேறு, கை ஓங்குவது வேறு, ஐயா.

உவர்மலை இளையவன்:
சரி, நாளைக்கே தொடங்குவதென்றால் எதில் தொடங்குவது?

நிலாவெளியாள்:
விசர்நாய்க்கடித் தடுப்பூசியில். நாய்களோடு வேலை செய்கிறவர் கடி வாங்கும் முன்பே போட்டுக்கொள்வது. போட்டிருந்தாலும், கடித்தால் சவர்க்காரமும் ஓடும் தண்ணீரும் கொண்டு 15 நிமிடம் கழுவி, உடனே வைத்தியசாலைக்குப் போக வேண்டும். அடுத்தது, கட்டாக்காலி நாய்களைப் பழக்கப் போகாமல் எட்ட இருந்து கவனியுங்கள். டச்பே கரையில் மாலையில் நிறையக் கிடக்கும். உதட்டை நக்குவது, முகத்தைத் திருப்புவது, வால் விறைப்பது எல்லாவற்றையும் கொப்பியில் எழுதுங்கள். அதன் பிறகு அயலவர் வீட்டுக் குட்டி. மூன்று கிழமை முதல் மூன்று மாதம் வரை ஒரு குட்டி பழகும் ஆட்களும் சத்தங்களும்தான் அதன் குணத்தைப் பெரிதும் தீர்மானிக்கும்.

டொக்யாட் வீதிக்காரன்:
சனிக்கிழமை நானும் என் நாயோடு டச்பேக்கு வருகிறேன். மான் வரட்டும், யாருடைய நாய் திரும்புகிறது என்று தம்பியே பார்த்துக்கொள்ளட்டும்.

நிலாவெளியாள்:
வாருங்கள். அந்த வெட்டுச் சங்கிலியை வீட்டில் வைத்துவிட்டு வாருங்கள்; நீளக் கயிறு நான் கொண்டு வருகிறேன்.