போர்ப் படம் முடிந்து வீடு திரும்பிய பிறகு: பட்டாளத்துக் குடும்பங்கள் சொல்லுங்கள்

சுபேதாரின் மகள், வேலூர் பக்கம்:

எங்கள் பக்கம் வீட்டுக்கு ஒருவராவது பட்டாளத்தில் இருந்திருப்பார். ராணுவப்பேட்டை என்றே பெயரெடுத்த கம்மவான்பேட்டை எங்களுக்குப் பக்கத்து ஊர்தான். அதனால் 2024 தீபாவளிக்கு அமரன் படம் வந்தபோது தெருவே கிளம்பிப் போனது. 2014 ஏப்ரலில் ஷோபியான் மாவட்டத்துக் காசிபத்ரியில் நடந்த சண்டையில் இறந்த மேஜர் முகுந்த் வரதராஜனின் கதை. அப்பா அவருடைய 44 ராஷ்டிரிய ரைஃபிள்ஸில் (காஷ்மீரில் தீவிரவாதிகளை எதிர்கொள்ளும் ராணுவப் பிரிவு, சுருக்கமாக ஆர்ஆர்) இருந்தவர் இல்லை, ஆனால் வேறொரு ஆர்ஆர் பட்டாலியனில் அதே தெற்குக் காஷ்மீரில் இருந்தவர், அதற்கு முன்னால் கார்கில் போரில் திராஸ் பக்கம். அந்தத் தெற்குக் காஷ்மீரின் ஆப்பிள் தோட்டமும் சந்தும் அவருக்கு நன்றாகத் தெரியும்.

எந்தப் போர்ப் படம் போட்டாலும் அப்பா குறை சொல்லிக்கொண்டேதான் பார்ப்பார். "இப்படி ஒட்டி ஒட்டி நடந்தா ஒரே பர்ஸ்ட்ல நாலு பேர் போயிடுவான்", "கையை டிரிகர்லயே வெச்சிருக்கான் பாரு". குறை சொல்லிக்கொண்டிருக்கும் வரை அவர் நன்றாக இருக்கிறார் என்று எங்களுக்குத் தெரியும். அன்றைக்கும் நாங்கள் எல்லோரும் திரையைவிட அவர் முகத்தைத்தான் பார்த்துக்கொண்டிருந்தோம். அவர் கடைசி வரை சரியாகத்தான் இருந்தார். உடைந்துபோனது அம்மா.

படம் முகுந்தின் மனைவி இந்துவின் பக்கமிருந்து சொல்லப்படுகிறது, அது அம்மாவை எங்கேயோ கொண்டுபோய்விட்டது. கார்கில் போர் நடந்த 1999-ல் எங்கள் வீட்டில் போன் கிடையாது. அப்பாவுக்குக் கடிதம் எழுதினால் மேலே 56 ஏபிஓ என்று ராணுவத் தபால் நிலைய எண்ணைத்தான் போடவேண்டும், அவர் எந்த ஊரில் எந்த மலையில் இருக்கிறார் என்று எழுதுகிறவளுக்கே தெரியாது. அந்தப் போரில்தான் இறந்தவர்களைப் பெட்டியில் வைத்து அவரவர் ஊருக்கே அனுப்பினார்கள், 1971-ல் பெரும்பாலும் தந்திதான் வந்தது என்று பெரியவர்கள் சொல்வார்கள். திருச்சி மேஜர் சரவணன் மே மாதக் கடைசியில் கார்கில் பக்கத்துப் படாலிக்கில் இறந்து, ஒரு மாதத்துக்கு மேல் கழித்துத்தான் அவர் உடலை மீட்க முடிந்தது. அந்தச் செய்தியை அம்மா தினமும் பேப்பரில் தேடியிருக்கிறார். தெருவில் ஜீப் சத்தம் கேட்டால் வாசலுக்கு வராமல் பின்கட்டுக்குப் போய் கிணற்றடியில் நின்றுகொள்வாராம். வந்தவர்கள் தன்னைப் பார்க்காத வரைக்கும் செய்தி வந்ததாக ஆகாது என்று ஒரு எண்ணம்.

இதை அம்மா அப்பாவிடம் சொன்னது படம் பார்த்த அன்று இரவுதான். இருபத்தைந்து வருடம் கழித்து! அப்பாவுக்கு இது எதுவுமே தெரியாது. லீவில் வரும்போது டிரங்குப் பெட்டி, கேன்டீன் சாமான், பிள்ளைகள் என்று நாள் போய்விடுமே, யார் உட்கார்ந்து இதையெல்லாம் சொல்லியிருப்பார்கள்? எல்லோரும் சிப்பாயின் முகத்தையே பார்க்கிறோம், பக்கத்து சீட்டில் இருப்பவரைப் பார்ப்பதில்லை. அதனால்தான் கேட்கிறேன், உங்கள் வீட்டில் எப்படி?

முன்னாள் பீரங்கிப்படை, தேனி:

தங்கச்சி எழுதியது அப்படியே என் வீட்டுக்காரிக்கும் பொருந்தும், அவளுக்குப் படித்துக் காட்டினேன். நான் என் பக்கத்தைச் சொல்கிறேன். 1999-ல் திராஸில் போஃபர்ஸ் பீரங்கியில் இருந்தேன். டோலோலிங், டைகர் ஹில் மலைகளுக்கு அடித்த நாட்களில் ராத்திரி பகல் தெரியாது, காதில் பஞ்சு வைத்தும் பிரயோஜனமில்லை, இன்றைக்கும் இடது காது மந்தம்.

மக்கள் நினைப்பதுபோல் ரத்தத்தைப் பார்த்து எங்களுக்கு எதுவும் ஆவதில்லை. படத்தில் வாசனை கிடையாது, அதனால் பாதி தப்பித்துவிடுகிறோம். வெடிமருந்துப் புகை, மண்ணெண்ணெய் அடுப்பு, ஈரக் கம்பளி, இதெல்லாம் சேர்ந்த அந்த வாடையை மட்டும் தியேட்டரில் விட்டார்கள் என்றால் நான் எழுந்து வந்துவிடுவேன். என்னைப் பிடிப்பது சத்தம்தான், அதிலும் பெரிய சத்தம் இல்லை. நம்மவன் அடிக்கும் குண்டுக்கும் எதிரி அடிக்கும் குண்டுக்கும் சத்தத்தில் வித்தியாசம் உண்டு. வருகிற ஷெல் ஒரு இழுப்பு இழுத்துக்கொண்டு வரும், அந்த இழுப்பு நின்ற பிறகு ஒரு இடைவெளி இருக்கிறது பாருங்கள், அதை இப்போதெல்லாம் படத்தில் சரியாகப் பிடித்துவிடுகிறார்கள். அந்த இடைவெளியில் என் உடம்பு தானாகவே குனிகிறது. பக்கத்தில் பேத்தி இருந்தாள், தாத்தா எதையோ கீழே போட்டுவிட்டார் என்று அவளும் குனிந்து தேடினாள்.

ஒன்று மட்டும் சொல்கிறேன். தீபாவளி அன்றைக்கு ராத்திரி ஷோவுக்கு எங்களைக் கூட்டிப்போகாதீர்கள். படத்தைத் தாங்கிக்கொண்டு வெளியே வந்தால் தெரு முழுக்கப் பத்தாயிரம் வாலா. காரில் கண்ணாடியை ஏற்றிவிட்டு வெகுநேரம் உட்கார்ந்திருந்தேன், மருமகன் புரிந்துகொண்டு வண்டியை எடுக்காமல் பேசாமல் இருந்தார், நல்ல பிள்ளை. அப்புறம், ஓர சீட் போடுங்கள். எழுந்து போக வழி இருக்கிறது என்று தெரிந்தாலே பாதிக்கு மேல் உட்கார்ந்துவிடுவோம்.

மெட்ராஸ் ரெஜிமென்ட் நாயக்கின் மகன், திருநெல்வேலி:

இதை எழுதலாமா வேண்டாமா என்று யோசித்துத்தான் எழுதுகிறேன். என் அப்பா 1987-ல் இலங்கைக்கு அனுப்பிய இந்திய அமைதிப்படையில் யாழ்ப்பாணம் போனவர். கார்கிலைப் பற்றிப் பேச ஊரே கேட்கும், இதைப் பற்றிப் பேச அவருக்கு ஊரிலும் இடமில்லை, வீட்டிலும் இடமில்லாமல் போனது. ஏறக்குறைய 1,200 இந்தியச் சிப்பாய்கள் அங்கே இறந்தார்கள். 1990 மார்ச்சில் கடைசிப் பிரிவு கப்பலில் சென்னை வந்து இறங்கியபோது வரவேற்க முதல்வர் கருணாநிதி போகவில்லை. போகாததற்கு அவருக்குக் காரணம் இருந்தது, அங்கே தமிழர்களுக்கு நடந்தது அப்படி. ஆனால் என் அப்பா மாதிரித் தமிழ்ச் சிப்பாய்கள் இரண்டு பக்கத்திலும் நிற்க முடியாமல் போனார்கள், அதை யாரும் யோசித்ததாக எனக்குத் தெரியவில்லை.

அவர் போர்ப் படங்களை விரும்பிப் பார்ப்பவர்தான். எல்லையில் சண்டை, டாங்கி, விமானம், எது வந்தாலும் அசைய மாட்டார். ஒரு நாள் டிவியில் காஷ்மீர்ப் படம் ஒன்று ஓடிக்கொண்டிருந்தது. ராத்திரியில் ஒரு வீட்டைச் சோதனை போடுகிறார்கள், ஒரு கிழவி பேரனைப் பின்னால் தள்ளிக்கொண்டு என்னவோ சொல்லிக் கெஞ்சுகிறாள், நமக்கு அது புரியாது. அப்பா எழுந்து வெளியே போய்விட்டார். நான் பின்னாலேயே போனேன். "இவனுங்களுக்கு அந்தக் கிழவி பேசுறது புரியாதுடா. எங்களுக்குப் புரிஞ்சுது. யூனிட்ல இருந்த வடநாட்டு ஆபீசர் என்னைத்தான் முன்னால அனுப்புவாரு, நீதான் பேசணும்னு. 'ஏன் தம்பி, நீ தமிழ்ப்பிள்ளை தானே'ன்னு ஒரு அம்மா கேட்டாங்க." அவ்வளவுதான் சொன்னார். அந்த அம்மாவுக்கு அவர் என்ன பதில் சொன்னார் என்று நான் கேட்கவில்லை, கேட்கும் தைரியம் வரவில்லை. அதற்குப் பிறகு அவராகவே அவ்வப்போது ஒரு வரி, இரண்டு வரி சொல்கிறார், நான் நடுவில் பேசுவதில்லை.

யாழ்ப்பாணத்தில் பிறந்தவள், இப்போது கனடா:

நெல்லைத் தம்பிக்கு: எங்கட வீட்டுக்குள்ளயும் அந்த 87 ஒக்டோபர் மாதம் அமைதிப்படை ஆக்கள் வந்தவை. நாங்கள் இழந்தது கொஞ்சமில்லை, அதை மறக்கச் சொல்லி ஆரும் எங்களைக் கேட்கவும் கூடாது. ஆனால் வந்தவைக்குள்ள தமிழ் கதைச்ச ஒருத்தரும் இருந்தவர், அவர் அம்மாவின்ர முகத்தைப் பார்க்கேல்லை, நிலத்தைப் பார்த்துக்கொண்டுதான் கதைச்சவர். உங்கட அப்பா கதைக்கிற அந்த ஒரு வரி, இரண்டு வரியை எழுதி வையுங்கோ.

ஹவில்தாரின் மகன், விருதுநகர்:

எனக்குப் படத்தைவிடப் படத்துக்குப் பிறகு வருகிற கேள்விகள்தான் பிரச்சினை. ஒரு பள்ளிக்கூடத்தில் பிள்ளைகளுக்குப் போர்ப் படம் போட்டுக் காட்டிவிட்டு, சிறப்பு விருந்தினராக என் அப்பாவை மேடையேற்றினார்கள். சால்வை போட்டார்கள், நல்லது. உடனே மைக்கைப் பிடித்த ஆசிரியர் ஒருவர், "ஐயா, நீங்க எத்தனை பேரைச் சுட்டிருக்கீங்க?" என்று கேட்டார், முந்நூறு பிள்ளைகள் முன்னால். அப்பா கொஞ்ச நேரம் நின்றுவிட்டு, "பனியில நடக்கும்போது சாக்ஸ் ஈரமாகாம பாத்துக்கணும், அதுதான் முக்கியம்" என்று சொல்லிவிட்டு இறங்கிவிட்டார். பிள்ளைகள் சிரித்தார்கள். எனக்கு இன்றைக்கும் அந்த ஆசிரியர் மேல் கோபம் போகவில்லை. சொல்ல வேண்டும் என்றால் அவராகவே சொல்வார். சொல்லாததற்கு அவரிடம் காரணம் இருக்கும். படம் தத்ரூபமாக இருந்தால் கேட்க உரிமை வந்துவிடுமா என்ன?

சிப்பாயின் மனைவி, தருமபுரி:

என் கணவர் திரும்பி வரவில்லை. இங்கே யாரும் அந்தப் பக்கத்தை எழுதவில்லை என்பதால் எழுதுகிறேன்.

அமரன் வந்தபோது சொந்தக்காரர்கள் எல்லோரும் போன் செய்தார்கள். "நீ கட்டாயம் பாக்கணும், பாத்தா உனக்குப் பெருமையா இருக்கும்." நான் போகவில்லை. 2015 குடியரசு தினத்தன்று டெல்லியில் இந்து அவர்கள் முகுந்துக்கான அசோக் சக்ரா வீர விருதை வாங்கியதை டிவியில் பார்த்திருக்கிறேன், அப்படி நிமிர்ந்து நின்றார், எனக்கு அதுவே போதும். பெட்டி இறங்குவதைத் திரையில் பார்க்க நான் ஏன் டிக்கெட் எடுக்க வேண்டும்? அதை வாசலில் பார்த்தவள் நான்.

ஆனால் என் மகன் அதைப் போனில், எனக்குத் தெரியாமல், போர்வைக்குள் பார்த்திருக்கிறான். அவனுக்கு அப்பா முகமே போட்டோவில்தான். மறுநாள் வந்து, "அப்பாவும் இப்படித்தான் பேசுவாராம்மா?" என்று கேட்டான். இல்லடா, அவர் ரொம்பப் பேச மாட்டார், போனில் கூட "சாப்பிட்டியா" என்று ஆரம்பித்து "சாப்பிடு" என்று முடித்துவிடுவார் என்றேன். அவனுக்குச் சிரிப்பு தாங்கவில்லை. பிறகு கேள்வி மேல் கேள்வி: அப்பாவுக்கு என்ன குழம்பு பிடிக்கும், சைக்கிள் ஓட்டத் தெரியுமா, கோபம் வருமா, லீவு முடிந்து ரயில் ஏறும்போது அழுவாரா. இத்தனை வருடம் நான் அழுதுவிடுவேன் என்று பயந்து அவன் ஒன்றும் கேட்டதில்லை போலிருக்கிறது. எனக்கு அந்தப் படம் வேண்டாம். அவனுக்கு அது வேண்டியிருந்தது. ஒரே வீட்டுக்குள் இரண்டும் இருக்கும் என்பதை அந்த "கட்டாயம் பாக்கணும்" ஆட்கள் புரிந்துகொண்டால் நல்லது.

செவிலியர், கோயம்புத்தூர், அப்பா முன்னாள் சிப்பாய்:

எல்லோர் எழுதியதையும் படித்தேன், தருமபுரி அக்காவுக்கு என் வணக்கம். இது நம் வீடுகளில் மட்டும் நடப்பதில்லை. 1998-ல் சேவிங் பிரைவேட் ரையன் என்ற இரண்டாம் உலகப்போர்ப் படம் வந்தபோது அமெரிக்காவில் முன்னாள் படையினருக்கான அரசுத் துறையே, படம் பார்த்துக் கலங்கியவர்கள் கூப்பிட்டுப் பேச ஒரு இலவச எண்ணை ஏற்பாடு செய்தது. அந்தப் படத்தில் வருகிற மாதிரி 1944 ஜூன் 6-ல் பிரான்சின் ஓமாஹா கடற்கரையில் இறங்கியவர்களுக்கு அப்போது எழுபது வயதுக்கு மேல்! அரை நூற்றாண்டு கழித்தும் உடம்பு மறக்கவில்லை.

என் அப்பா ஒரு போர்ப் படம் பார்த்துவிட்டுப் பல நாள் தூங்கவில்லை. ராத்திரி எழுந்து கதவைச் சரிபார்ப்பார், ஜன்னல் பக்கம் முதுகு காட்டி உட்கார மாட்டார். டாக்டரிடம் போகலாம் என்றால் "எனக்கென்ன பைத்தியமா" என்று கத்துவார். அரசின் மனநல உதவி எண்ணான டெலி மானஸ் 14416-க்கு முதலில் நான்தான் கூப்பிட்டேன், தமிழிலேயே பேசினார்கள், எந்த நேரமும் எடுக்கிறார்கள், காசு கிடையாது. பாதிக்கப்பட்டவர் பேச மறுத்தால் வீட்டில் இருப்பவர் பேசலாம், இதை நிறைய பேர் யோசிப்பதில்லை. ஆனால் அப்பாவை அசைத்தது நானும் இல்லை, அந்த எண்ணும் இல்லை. அவருடைய பழைய செக்‌ஷன் ஆள் ஒருவர், நாமக்கல்காரர், விஷயம் கேள்விப்பட்டு பஸ் பிடித்து வந்தார். இரண்டு பேரும் மொட்டை மாடியில் உட்கார்ந்து ராத்திரி முழுக்க இந்தியும் தமிழும் கலந்து பேசிக்கொண்டிருந்தார்கள். காலையில் அவர், "எனக்கும் அப்படித்தான் இருந்துச்சு, நான் மாத்திரை சாப்பிடுறேன், நீயும் வாடா" என்று சொல்லி ஈசிஎச்எஸ் என்கிற முன்னாள் படைவீரர் மருத்துவ மையத்துக்குக் கையோடு கூட்டிப்போனார். அங்கிருந்து மனநல டாக்டருக்கு எழுதிக் கொடுத்தார்கள். இப்போது தூங்குகிறார், முழுக்கச் சரியாகிவிட்டது என்று சொல்ல மாட்டேன்.

இரண்டு பேரும் இந்தத் தடவை ரெஜிமென்ட் விழாவுக்கு நீலகிரியில் உள்ள வெலிங்டன் போகிறார்கள், ரூம் போட்டுக் கொடுத்துவிட்டேன். தேனி அண்ணன் சொன்ன ஓர சீட் விஷயத்தை அப்பாவிடம் கேட்டேன், "ஆமா, பஸ்ல கூட அப்படித்தான்" என்றார்.